மூன்றாவது உருளை

ஐம்பது ரூபாய் கொடுத்தால்
செல்லாத காசு ஒன்று தருகிறார்கள்
பீளமேட்டில், மூடிப்போன நூல்மில்லின் பஞ்சுக் குடோனில்.

பஞ்சு போய்
பின்பால் மேசைகள் வந்து ஏழு வருடமாகிறது.
பதினொன்று ஓடும். ஆறு ஓடாது.
ஓடாதவற்றின் கண்ணாடிமேல்
கன்னத்தை வைத்துப் பார்க்கின்றன குழந்தைகள்.

எனக்கு ஆட்டம் வராது.
எஃகு உருண்டை நேராக நடுச்சந்தில் விழும்.
ஆத்திரத்தில் மேசையை ஓர் இடி இடித்தால்
'டில்ட்' என்று சிவப்பாய் எரிந்து
எல்லா விளக்கும் அணையும்.
முட்டியவளோடு பேச்சை நிறுத்திக்கொள்ளும்
ரோசக்கார இயந்திரம்.

நான் போவது மூலையில் நிற்கும் காசுநசுக்கிக்காக.
அதன்மேல் ஒரு பலகை:
சர்க்கார் காசைப் போடாதீர்கள்,
செம்பு வில்லை கவுண்டரில் கிடைக்கும்.
மோட்டார் கம்பெனிக் கழிவுப் பட்டையில் வெட்டிய வில்லை.
எங்கள் கம்பெனிக் கழிவாகவும் இருக்கலாம்.
கைப்பிடி மூணேகால் சுற்று.
இரண்டாவதில் கனக்கும், தோளைக் கொடுக்க வேண்டும்.
வட்டமாய்ப் போனது
நாக்குபோல நீண்டு வந்து விழும்,
தொட்டால் இளஞ்சூடு.

வாரத்தில் ஆறு நாள்
கணபதியில் பம்பு கம்பெனி இன்ஸ்பெக்ஷனில் இருக்கிறேன்.
ஷாஃப்ட், புஷ், இம்பெல்லர்.
மைக்ரோமீட்டரில் பத்து மைக்ரான் கூடினால்
சிவப்புப் பெயிண்ட் ஒரு தீற்று.
பெயர் மயிலாத்தாள்.
முதுகுக்குப் பின்னால் செவப்புக்காரி.

முதல் உருளையில் மில் புகைபோக்கி.
இரண்டாவதில் உருண்டையும் இரண்டு துடுப்பும்.
மூன்றாவதை ஆவணியில்தான் போட்டார்கள்.
சுற்றினேன், விழுந்தது.
மேலே மலை, மலைக்குக் கீழே ஊர்ப்பெயர்.
எழுத்தெல்லாம் முதுகைக் காட்டி நின்றன.

உருளையில் எழுத்தைத் திருப்பி வெட்ட வேண்டும்.
வெட்டியவர்
தாம் படிக்கிற மாதிரி வெட்டிவிட்டார்.

தெய்வசிகாமணி தலையைச் சொறிந்தார்.
"பாத்தனுங்க அம்மணி.
சிவானந்தா காலனி லேத்துல பையன் புதுசுங்க, மொதோ வேலை.
அடுத்த வாரம் மாத்திப் போட்டர்றோம்.
வேண்டாட்டிக் குடுத்துருங்க, காசு திருப்பித் தந்தர்றன்."

கையை நீட்டினார்.
இருபத்திரண்டு வருடமாக நான் நீட்டுகிற அதே கை:
கொண்டா, தேறாது, தொட்டியில் போடு.

"இருக்கட்டுங்க" என்றேன்.
இன்னும் நாலு வில்லை வாங்கிச் சுற்றினேன்.
ஐந்தும் முதுகு.

லட்சுமி மில் சிக்னலில் தொண்ணூறு விநாடி.
பையிலிருந்து ஒன்றை எடுத்து
ஸ்கூட்டர் கண்ணாடிக்கு நேரே பிடித்தேன்.
எழுத்துகள் திரும்பி என்னைப் பார்த்தன.
அவற்றுக்குப் பின்னால் ஒரு டவுன்பஸ்ஸின் முகம்,
ஹெல்மெட்டுக்குள் என் ஒற்றைக் கண்.
பஸ் ஹாரன் அடித்தது.
பச்சை விழுந்து எவ்வளவு நேரமாயிற்றோ.

திங்கட்கிழமை டீ நேரத்தில் அளந்தேன்.
தலைப்பக்கம் புள்ளி தொண்ணூற்றொன்று,
வால்பக்கம் புள்ளி எழுபத்துநாலு.
எந்தக் கணக்கிலும் சேராது.
பெயிண்ட் டப்பா பக்கத்திலேயே இருந்தது, மூடி திறந்து.
லோகநாயகி எட்டிப் பார்த்தாள்.
"என்ன பார்ட்டுங்க்கா? டிராயிங் நம்பர் சொல்லுங்க."
நம்பர் இல்லை என்றேன்.
நம்பர் இல்லாத பார்ட்டை
அவள் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

அடுத்த ஞாயிறு
உருளையை மாற்றியிருந்தார்கள்.
ஊர்ப்பெயர் ஒழுங்காக வந்தது.
அதிலும் ஒன்று எடுத்தேன், வரிசை நிறைய வேண்டுமே.
லேத்துப் பையன் பெயரைக் கேட்க நினைத்து
பழைய உருளை எங்கே என்று கேட்டேன்.

"கதவுக்கு முட்டுக் குடுத்திருக்குதுங்க."

கணவாய்க் காற்றுக்கு அடித்துக்கொள்ளும்
குடோனின் பின்கதவு.
அதன் காலடியில்,
தூசு தட்டாமலே படிக்க முடிந்தது,
நேராக,
கோயமுத்தூர்.